நூற்றுப் பதினேழா, பதினெட்டா, பத்தொன்பதா

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிற்பாடு யாரும் என் குடுமியைப் பிடிக்க வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் வீட்டுச் சமையலறையில் பாத்திரம் துடைத்துக்கொண்டே என் தங்கை சொன்னது இது. சொல்லி முடித்ததும், "அக்கா, இது கதை இல்ல. எழுதிகிழுதி வச்சிடாதே" என்றாள். நான் பெரிய மனுஷியாட்டம் தலையாட்டினேன். அன்று சாயங்காலமே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

என் பிழைப்பு ஒரு பல் மருத்துவரின் வரவேற்பு மேசையில். "அடுத்தவர் வாங்க" என்று ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொல்வேன். நடுவில் கிடைக்கும் நேரத்தில் எழுதுவேன். தங்கை மின்சாரக் கார் செய்யும் தொழிற்சாலையில் இருக்கிறாள். காருக்கு அடியில் பேட்டரிப் பெட்டியை ஏற்றிப் பொருத்தும் இடத்தில், இடது பக்கம் நிற்பாள். வலது பக்கம் இன்னொருத்தி. அவளைத் தங்கை "எதிர்ப்பக்கத்துக்காரி" என்றுதான் சொல்வாள், நானும் அப்படியே சொல்கிறேன்.

2

தொடக்கம் என்று நான் எழுதிப் பார்த்தவை:

"இரும்பின் வாசனை மிதந்த அந்த விடியலில் அவள்—"

[அடித்துவிட்டேன். அங்கே இரும்பு வாசனையே கிடையாதாம். புது ரப்பர் வாசனை, கை துடைக்கிற திரவத்தின் வாசனை, பக்கத்தில் நிற்பவர்களின் வியர்வை. அவ்வளவுதானாம்.]

"மனிதன் இயந்திரமாகிறானா, அல்லது இயந்திரம்தான்—"

[இதை எழுதிய கையை எங்கே கொண்டுபோய் வைப்பது?]

"ஒரு நாளைக்கு நாற்பது கார் செய்துகொண்டிருந்தவர்கள் இனி நூற்றிருபது செய்ய வேண்டும் என்று ஒரு திங்கட்கிழமை காலை சொன்னார்கள்."

இது நிற்கும் என்று தோன்றுகிறது. அலங்காரம் இல்லை, பொய்யும் இல்லை. இதை வைத்துக்கொள்கிறேன்.

3

எட்டு மணி நேர வேலை. நாற்பது கார் என்றால் ஒரு காருக்குப் பன்னிரண்டு நிமிஷம். நூற்றிருபது என்றால் நாலு நிமிஷம். கார் வந்து முன்னால் நிற்கும், நேரம் முடிந்ததும் அதுபாட்டுக்கு நகர்ந்துவிடும். நீ முடித்தாயா, மூக்கைச் சொறிந்துகொண்டிருந்தாயா என்று அது கேட்காது.

பெட்டிக்கு இருபத்துநாலு போல்ட். ஆளுக்குப் பன்னிரண்டு. ஒவ்வொன்றையும் ஸ்பானரால் இறுக்க வேண்டும். போதுமான அளவு இறுகியதும் ஸ்பானர் 'கிளிக்' என்று சொல்லும். உடனே மஞ்சள் பேனாவை எடுத்து அந்த போல்ட்டின் தலையில் ஒரு பொட்டு வைக்க வேண்டும். பொட்டு இருந்தால் இறுக்கியாகிவிட்டது என்று அர்த்தம்.*

* எத்தனை தடவை இறுக்கினோம் என்று தானே எண்ணிக்கொள்ளும் கருவி வெளியே உண்டாம். அது இன்னும் வந்து சேரவில்லை, வந்துகொண்டே இருக்கிறது. நூற்றிருபது மட்டும் முதலில் வந்துவிட்டது.

அடுத்து ஒருவர் டார்ச்சோடு குனிந்து பார்ப்பார். அவர் பார்ப்பது பொட்டைத்தான். போல்ட்டைத் திருகிப் பார்க்க அவருக்கும் அதே நாலு நிமிஷம்தானே.

மேற்பார்வையாளருக்கு அங்கே "நாலேநாலு" என்று பெயர். காலையில் வணக்கத்துக்குப் பதில் அதைத்தான் சொல்வாராம். "நாலே நாலு நிமிஷம்மா, நாலே நாலு." தங்கையின் குழுவுக்கு நாலரை ஆயிற்று. அந்த அரை நிமிஷத்துக்காக அவர் கெஞ்சினார், கத்தினார், ஒருநாள் தானே ஸ்பானரை வாங்கி இறுக்கிக் காட்டினார். அவருக்கு ஐந்தே முக்கால் ஆயிற்று. குழுவின் எட்டுப் பேரும் சிரிப்பை அடக்கத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்களாம்.

(இவரை வில்லனாக்கலாம் என்று இரண்டு பக்கம் எழுதினேன். தடித்த மீசை, சிவந்த கண். "மீசையே கிடையாதுக்கா. பாவம், அவரு சாப்பாட்டையே நின்னுட்டுத்தான் சாப்பிடுறாரு. அவருக்கு மேல ஒருத்தர், அந்தாளுக்கு மேல ஒருத்தர்" என்றாள் தங்கை. இரண்டு பக்கமும் போச்சு.)

4

அந்த அரை நிமிஷத்தைக் கண்டுபிடித்தவள் என் தங்கை.

அவள் சின்ன வயதிலிருந்தே அப்படி. வீட்டில் எந்த வேலை கொடுத்தாலும் குறுக்கு வழி ஒன்று இருக்கும். ஸ்பானரைக் கீழே வை, பேனாவை எடு, பொட்டு வை, பேனாவைச் செருகு, ஸ்பானரை எடு. இதைப் பன்னிரண்டு தடவை செய்வதில்தான் அரை நிமிஷம் போகிறது என்று பார்த்தாள். முதலில் பன்னிரண்டுக்கும் மளமளவென்று பொட்டு. பிறகு பேனாவை மறந்துவிட்டுப் பன்னிரண்டையும் இறுக்கு. நாலு நிமிஷம், சுத்தமாக.

எதிர்ப்பக்கத்துக்காரிக்குச் சொன்னாள். அவள் குழுவில் அடுத்தடுத்த இடங்களில் வேறு போல்ட் இறுக்கும் மற்ற ஆறு பேருக்குச் சொன்னாள். குழு மெல்ல மெல்ல நாலுக்கு வந்துவிட்டது. எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. நாலேநாலு அறிவிப்புப் பலகையில் தங்கையின் புகைப்படத்தை ஒட்டி, கீழே "இந்த வாரத்தின் யோசனை" என்று எழுதினார். என்ன யோசனை என்று எழுதவில்லை. அவருக்கும் தெரியாது.

இந்த இடத்தில் எழுதுகிறவள் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் கதை எழுதுவதும் இப்படித்தான். முடிவை முதலில் எழுதி வைத்துவிடுவேன். பிறகு அதற்குத் தோதாக ஆட்களை நடக்கவிடுவேன். வாசகர்கள் முடிவைப் பார்த்துவிட்டு "அருமை" என்று கடிதம் போடுவார்கள். நடுவில் எந்த இடம் ஆடுகிறது என்று யாரும் குனிந்து பார்த்ததில்லை.

5

பொட்டை முதலில் வைக்கத் தொடங்கிய பதினோராவது நாள்.

அன்று நூற்றிருபதைத் தொட்டுவிடுவார்கள் என்று மதியமே தெரிந்துவிட்டது. நிறுவனத்தின் பெரியவர் ஒருவர் கைதட்டுவதற்காகவே வந்திருந்தார். ஆனால் அவருக்கு விமானத்துக்கு நேரமாகிவிட்டது. இன்னும் மூன்று நாலு கார்தானே பாக்கி, கைதட்டலை இப்போதே வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள். லைன் நின்றது. தங்கையை மட்டும் பேர் சொல்லித் தனியாக அழைத்தார்கள், அவள் யோசனைக்காரி ஆயிற்றே. நாலேநாலு ஓடிவந்து, "வாம்மா வாம்மா, அவரு கிளம்பிடுவாரு" என்று கையைப் பிடித்து இழுக்காத குறை.

அவள் முன்னால் ஒரு கார் நின்றது. பன்னிரண்டு பொட்டும் வைத்தாகிவிட்டது. எத்தனை இறுக்கினாள்?

"தெரியலக்கா."

"ஏழா? எட்டா?"

"தெரியலன்னு சொல்றேன்ல. எல்லாமே இறுக்கியிருக்கலாம். ஒண்ணுமே இறுக்காமலும் இருந்திருக்கலாம். கை அதுபாட்டுக்குச் செய்யுது, நான் எங்க எண்ணுறேன்?"

புகைப்படம் எடுத்தார்கள். இனிப்பு கொடுத்தார்கள். இழந்த நேரத்தைப் பிடிக்க, ஆட்கள் திரும்பி வருவதற்குள்ளேயே யாரோ லைனை ஓட்டிவிட்டார்கள். தங்கை வந்தபோது அவள் முன்னால் வேறொரு கார். அதற்கும் பின்னால் வந்ததற்கும் பொட்டு வைத்தாள், இறுக்கினாள், எத்தனை என்று எண்ணவில்லை, வேலை முடியும் மணி அடித்தது.

பஸ்ஸில் சீட்டு கிடைத்து உட்கார்ந்த பிறகுதான் அவளுக்குப் பாதியில் விட்ட அந்தக் கார் ஞாபகம் வந்தது. எதிர்ப்பக்கத்துக்காரி பக்கத்திலேயே இருந்தாள்.

"அந்தக் காரை நீ முடிச்சியா?"

"எந்தக் காரை? நான்தான் உன் பின்னாடியே வந்தேனே, போட்டோவுக்கு."

"என் பக்கத்துல கிளிக் கேட்டுச்சா உனக்கு?"

"கேட்டுச்சு."

"எத்தனை?"

"ஏண்டி, நான் என்ன உன் கிளிக்கை எண்ணவா வந்தேன்?"

அது நூற்றுப் பதினேழாவது காரா, பதினெட்டா, பத்தொன்பதா என்பதும் அவளுக்குத் தெரியாது. மறுநாள் காலை அவள் போய்ச் சேர்வதற்குள் மூன்றும் லாரி ஏறிவிட்டன.

6

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என் தங்கை சரியாக எட்டு நாள் கழித்துத்தான் என் சமையலறைக்கு வந்தாள். அவள் புளுகவில்லை, சொல்லாமல் இருந்தாள். இரண்டும் ஒன்றா என்று இந்த இடத்தில் அரைப் பக்கக் கட்டுரை ஒன்று எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன், உங்கள் பொறுமையைச் சோதிப்பானேன்.

அந்த எட்டு நாளும் அவள் பழைய முறைக்கே திரும்பியிருந்தாள். இறுக்கு, பொட்டு, இறுக்கு, பொட்டு. மற்றவர்களையும் திருப்பிவிட்டாள். "பொட்டு முதல்ல வச்சா மை கையில ஒட்டுது" என்று ஏதோ சாக்கு. உற்பத்தி நூறுக்கு இறங்கியது. நாலேநாலு பலகைக்கு முன்னால் நின்று அவள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாராம்.

"போய்ச் சொல்லிடேன்" என்றேன், தட்டை அடுக்கிக்கொண்டே. எவ்வளவு சுலபமாகச் சொன்னேன் பாருங்கள்.

"ஒரே ஒரு கார்னா அன்னிக்கே சொல்லியிருப்பேன். இப்ப நான் வாயைத் திறந்தா அந்தப் பொட்டுக்கே அர்த்தம் இல்லாம போயிடும். பதினோரு நாள்ல செஞ்ச காரு எல்லாத்தையும் திரும்பக் கூப்பிடணும். ஆயிரத்து இருநூறுக்கு மேல இருக்கும். லைனை மூடுவாங்க. அடுத்த மாசம் எங்க எட்டுப் பேரையும் நிரந்தரமாக்குறதா இருக்கு. மூணு வருஷமா காத்திருக்கோம். எதிர்ப்பக்கத்துக்காரி அதை நம்பித்தான் வீடு பார்த்து வச்சிருக்கா."

"சரி, போல்ட் இறுகலைன்னா என்ன ஆகும்?"

அவள் ஈரத்துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"முதல்ல ஒண்ணும் ஆகாது. அதுதான் கஷ்டமே. நல்லா ஓடும். மேடு பள்ளத்துல ஆடி ஆடி மிச்ச போல்ட்டும் தளரும். அப்புறம் ஒருநாள் வேகமா போறப்போ ஒரு பக்கம் தொங்கும். நானூறு கிலோ பெட்டிக்கா. அதுக்கு மேலதான் ஆளுங்க உக்கார்ந்திருப்பாங்க."

அவள் அழவில்லை. நான்தான் அடுக்கிய தட்டையே மறுபடி அடுக்கினேன்.

7

வழிகள். (இவற்றை நான் எழுதிய வரிசையிலேயே தருகிறேன்.)

ஒரு வழி: அவள் போய்ச் சொல்கிறாள். பெரியவர் எழுந்து நின்று கைகொடுக்கிறார். "உன்னைப் போல ஒருத்தர் போதும்" என்கிறார். இதை எழுதிவிட்டு எனக்கே கூச்சமாக இருந்தது. எந்த உலகத்தில் நடக்கும் இது?

இன்னொரு வழி: அவள் சொல்லவில்லை. மழை பெய்கிற ஒரு நாள், ஒரு குடும்பம் காரில் ஏறுகிறது. பின் சீட்டில் ஒரு—

[இதற்கு மேல் கை ஓடவில்லை. யார் ஏறினார்கள் என்று எழுதினால் அவர்களுக்கு முகம் வந்துவிடும்.]

மூன்றாவது: பேர் சொல்லாமல் அக்காக்காரி தொழிற்சாலைக்கு ஒரு கடிதம் போடுகிறாள். கதைக்கு இது நல்ல திருப்பம். ஆனால் அக்காக்காரி நான். நான் போடவில்லை. போடலாம் என்று தோன்றியதைக்கூட முதலில் கதையில்தான் எழுதினேன்.

நாலாவது: முடிவே இல்லை. காலையில் அவள் தொழிற்சாலை வாசலில் நிற்கிறாள். உள்ளே போனாளா, சொன்னாளா? வாசகரே, உங்கள் முடிவுக்கே விடுகிறேன்.

நாலாவதைத் தேர்ந்தெடுத்தேன். நன்றாக வந்திருந்தது. கடைசி வரியை மட்டும் மூன்று நாள் திருத்தினேன்.

8

அடுத்த ஞாயிறு அவளிடம் கொடுத்தேன். எழுதாதே என்றவளிடமே கொடுப்பதற்கு ஒரு தடித்தனம் வேண்டும், அது எனக்கு உண்டு. திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் மேசையில் உட்கார்ந்து விரல் வைத்து வைத்துப் படித்தாள். இரண்டு இடத்தில் திருத்தினாள். ஸ்பானரை அப்படிப் பிடித்தால் மணிக்கட்டு போய்விடுமாம். கடைசித் தாளைத் திருப்பி, பின்பக்கத்தையும் பார்த்தாள்.

"மிச்சம் எங்க?"

"அவ்வளவுதான். முடிவை வாசகர்கிட்ட விட்டிருக்கேன்."

"அவங்க என்ன பண்ணுவாங்க?"

"யோசிப்பாங்க. இப்பல்லாம் கதை அப்படித்தான்டி."

"நான் டார்ச்சுக்காரர் பார்த்துக்குவாருன்னு விட்டேன்" என்றாள். "நீ வாசகர் பார்த்துக்குவாங்கன்னு விட்டுட்டே."

எனக்குச் சுருக்கென்றது. வாய் சும்மா இருக்குமா? "இது கதை, அது கார். ரெண்டும் ஒண்ணா?" என்றேன்.

"ஏன்க்கா, நான் சொல்லி ஏழு நாள் ஆச்சு. ஏழு நாளா என்ன பண்ணிட்டிருந்தே?"

"எழுதிட்டிருந்தேன்."

"அந்தக் காரு ஓடிட்டிருந்துச்சு."

அவள் குரலை உயர்த்தவே இல்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் திட்டியிருப்பேன். தாள்களை அடுக்கி என் பக்கம் தள்ளிவிட்டு, "நாளைக்குப் போய்ச் சொல்லப் போறேன்" என்றாள்.

அப்போது நான் சொன்னதை மறைக்கலாம். மறைத்தால் நீங்கள் கண்டுபிடிக்கவும் முடியாது. ஆனாலும் எழுதுகிறேன். "கொஞ்சம் பொறுடி, பத்திரிகைக்கு வர்ற வெள்ளிக்கிழமைதான் அனுப்பறேன்" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். கூடப்பிறந்தவள் என்பதால் மன்னித்தாள் என்று நினைக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

9

திங்கட்கிழமை. இனி வருவது எதையும் நான் ஜோடிக்கவில்லை.

கண்ணாடித் தடுப்பு போட்ட சின்ன அறை. மேலாளர், நாலேநாலு, என் தங்கை. அவள் நின்றுகொண்டே சொன்னாள்.

"எந்தக் கார்?" என்றார் மேலாளர்.

"அந்த மூணுல ஒண்ணு சார். ஆனா நீங்க எல்லாத்தையும் பார்க்கணும். பதினோரு நாளா நாங்க பொட்டைத்தான் முதல்ல வச்சோம்."

"நாங்கன்னா?"

"நான். நான்தான் சொல்லிக்கொடுத்தேன்."

 பிறகு நாலேநாலு, "சார், நான் கேட்டிருக்கணும்" என்றார். "அரை நிமிஷம் எங்கிருந்து வந்துச்சுன்னு நான் கேட்கவே இல்ல. வந்துச்சேன்னு இருந்துட்டேன்." அவர் அதைச் சொல்லியிருக்க வேண்டிய அவசியமில்லை. மீசை வைத்து எழுதியதற்கு இப்போது அவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

லைனை நிறுத்தினார்கள். நிரந்தரமாக்கும் பேச்சு தள்ளிப்போயிற்று, எவ்வளவு நாளைக்கு என்று சொல்லவில்லை. தங்கை மேல் விசாரணை. அதுவரை ஸ்பானரைத் தொடக் கூடாது.

கைகொடுத்தவர் யாருமில்லை. வீட்டுக்கு அனுப்பியவர்களும் இல்லை. ஏனென்றால் ஆயிரத்து இருநூறு பேருக்குப் போன் செய்ய வேண்டும், அதற்கு ஆள் போதவில்லை. லைன்தான் ஓடவில்லையே என்று போல்ட் இறுக்கினவர்களையே சாப்பாட்டுக் கூடத்தில் மேசை போட்டு உட்கார வைத்தார்கள். ஆளுக்கு ஒரு போன், ஒரு பட்டியல். எதிர்ப்பக்கத்துக்காரி அங்கே பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள், என் தங்கையோடு ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்றாம் நாள் தன் பட்டியலை முடித்துவிட்டு, தங்கையின் பட்டியலில் பாதியை இழுத்து வைத்துக்கொண்டு டயல் செய்தாளாம். அப்போதும் பேசவில்லை.

முதல் நாள் தங்கை எல்லோரிடமும் "வணக்கம், உங்க கார் விஷயமா" என்று ஆரம்பித்தாள். பாதிப் பேர் ஏதோ விற்க வந்திருக்கிறாள் என்று பட்டென்று வைத்துவிட்டார்கள். ஒருவர், "எனக்கு ஏற்கெனவே கார் இருக்கும்மா" என்றார்.

"வேற எப்படித்தான் ஆரம்பிக்கிறது?" என்று என்னைக் கேட்டாள். நல்ல முதல் வரி ஒன்று எழுதிக்கொடு என்கிறாள். என்னிடம்! ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து எழுதினேன். "நான் உங்க காருக்கு போல்ட் இறுக்கினவ. இப்போதைக்கு அந்தக் காரை ஓட்டாதீங்க, நான் சொல்றதைக் கேளுங்க." யாரும் வைக்கவில்லையாம். இதுவரை நான் எழுதியதில் உருப்படியானது அந்த இரண்டு வரிதான் என்று தோன்றுகிறது. அருமை என்று யாரும் கடிதம் போடப்போவதில்லை.

10

நூற்றுப் பதினேழைக் கண்டுபிடித்தார்கள். தூக்கி நிறுத்திப் பார்த்தார்கள். பன்னிரண்டும் இறுக்கம்.

நூற்றுப் பத்தொன்பதையும் கண்டுபிடித்தார்கள். பன்னிரண்டும் இறுக்கம்.

அதைச் சொல்லும்போது தங்கையின் முகத்தில் நிம்மதி வரும் என்று பார்த்தேன். வரவில்லை. அந்த இரண்டும் சரியாக இருந்தால் என்ன அர்த்தம் என்று எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று.

நூற்றுப் பதினெட்டை வாங்கியவர் போனை எடுக்கவில்லை. அடிக்கிறது, எடுப்பதில்லை. செய்தி அனுப்பினார்கள், படித்ததாகத் தெரியவில்லை. கடிதம் திரும்பி வந்துவிட்டது, வீடு மாறிவிட்டாராம். இன்றைக்கு ஒன்பதாவது நாள். காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்துவரை, மணிக்கு ஒரு தடவை, என் தங்கை அந்த எண்ணை அழைக்கிறாள். மற்றவர்களின் பட்டியல் முடிந்து, மேசைகளை எடுத்துப் போட்டுவிட்டார்கள். அவள் மேசை மட்டும் இருக்கிறது.

முடிவை உங்களிடம் விடமாட்டேன் என்று அவளிடம் சொல்லியிருந்தேன். விட வேண்டியதாகிவிட்டது, மன்னியுங்கள். என்னிடம் இல்லை அது, அவளிடமும் இல்லை. உங்களில் யாரிடமாவது இருக்கலாம். ஆகவே, தெரியாத எண்ணிலிருந்து ஒரு அழைப்பு வந்தால், யாரோ எதையோ விற்கிறார்கள் என்று வெட்டிவிடாதீர்கள். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு எடுங்கள். என் தங்கைதான்.